மல்லிகைக்குப் பயப்படுகிற இலை

சின்னத் துரை அவர்களுக்கு, சின்ன காஞ்சிபுரத்திலிருந்து பூக்கடைக்காரன் எழுதுவது.

இப்படி ஆரம்பித்ததற்குக் கோபப்படாதே. அந்த டீ எஸ்டேட்டில் எல்லோரும் உன்னை அப்படித்தான் கூப்பிடுகிறார்கள், நீயும் கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கிறாய். பெற்றவன் மட்டும் பழைய பெயரையே பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தால் உனக்குக் கௌரவக் குறைச்சல் அல்லவா? இதையெல்லாம் போனிலேயே சொல்லியிருக்கலாம். சொன்னால், "சிக்னல் கட் ஆவுதுப்பா" என்பாய். உனக்குப் பிடிக்காத பேச்சு வரும்போதெல்லாம் அந்த மலையில் சிக்னல் கட்டாகிவிடுகிறது. கடிதத்துக்கு அந்தத் தொல்லை இல்லை. படிக்க வேண்டும், இல்லாவிட்டால் கிழித்துப் போட வேண்டும்.

போன வாரம் நீ பேசினாய். "ஆவணியில கல்யாணம்பா. இங்க கிளப் ஹால் புக் பண்ணிட்டேன். ஸ்டேஜுக்கெல்லாம் ஆர்க்கிட் பூ சொல்லியாச்சு. மால ரெண்டு மட்டும் நீயே கட்டிக்கினு வந்துடு. இங்க கட்டுறவங்களுக்குக் கை சரியில்ல" என்றாய். நான் பதில் சொல்லாமல் போனை உங்கம்மாவிடம் கொடுத்தேன். அவளும் காதில் வைத்துக்கொண்டு சும்மா இருந்தாள். நீ இரண்டு தடவை ஹலோ சொல்லிவிட்டு வைத்துவிட்டாய். சிக்னல் போய்விட்டது என்று நினைத்திருப்பாய். போகவில்லை. நாங்கள் இரண்டு பேரும் போனுக்கு இந்தப் பக்கம் முழுசாகத்தான் இருந்தோம். உன் கல்யாணத்துக்கு நான் மாலை கட்டுவேனா மாட்டேனா என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். அதற்கு முன்னால் கொஞ்சம் பேச வேண்டியிருக்கிறது.

முதலில் உன் மலையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். சித்திரையில் நானும் உங்கம்மாவும் முதல்முறையாக உன்னைப் பார்க்க வந்தோமே, கொண்டை ஊசி வளைவில் ஜீப் திரும்பும்போதே நீ ஆரம்பித்துவிட்டாய். "அப்பா, வியூ பாரு, வியூ பாரு." பார்த்தேன். பச்சை. அடுத்த வளைவில் மறுபடியும் வியூ, மறுபடியும் அதே பச்சை. பச்சையோடு எனக்கு ஒரு விரோதமும் கிடையாது. துளசி பச்சைதான், மரிக்கொழுந்து பச்சைதான், ஒவ்வொன்றும் மூக்கில் ஏறி நான் இன்னார் என்று சொல்லும். உன் பச்சைக்குள் அரை நாள் நடந்தேன். ஓர் இலையைக் கிள்ளி விரலில் கசக்கி முகர்ந்தேன். புல்வாசனை. இன்னொரு பாத்தியில் கிள்ளினேன், மருந்தடித்த வாசனை. இதைப் பார்க்கத்தான் ஜனங்கள் பஸ் பஸ்ஸாக வந்து, வழியெல்லாம் வாந்தி எடுத்து, சாலையோரம் காரை நிறுத்திக் கையை விரித்துக்கொண்டு படம் எடுக்கிறார்கள். அவர்கள் படத்துக்குள் கொழுந்து மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு ஒரு அம்மா வந்துவிட்டால் போதும், "கொஞ்சம் ஒத்திக்கோங்க" என்கிறார்கள். தோட்டம் தானாக முளைத்துத் தானாகக் கிராப்பு வெட்டிக்கொண்டு நிற்கிறது என்று நினைப்பு.

அந்தக் கிராப்பைப் பற்றியும் நீதான் விளக்கம் சொன்னாய். அது செடியே இல்லை, மரமாம். விட்டால் வீட்டுக் கூரை உயரத்துக்குப் போகுமாம். விடமாட்டார்களாம். கவாத்து என்று ஒரு பெயர் வைத்துக்கொண்டு இடுப்புயரத்திலேயே வெட்டி வெட்டி நிறுத்திவிடுவார்களாம். பங்களாவுக்குப் பின்னால் ஓடைக்கரையில், பாறைச் சந்தில், வெட்டுக்கத்தி எட்டாமல் ஒன்று மட்டும் தப்பித்து வளர்ந்திருந்தது. அதில் வெள்ளையாக, நடுவில் மஞ்சள் மகரந்தத்தோடு ஒன்றிரண்டு பூ. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "அட, இது பூக்குமா?" என்றேன். "பூத்தா கொழுந்து கொறையும்பா. பூக்கவே விடக்கூடாது" என்றாய். பூக்கவே விடக்கூடாது! முப்பது வருஷமாகப் பூவில் சோறு தின்றவனிடம், சிரிக்காமல் சொன்னாய்.

பங்களா வாசலிலாவது ஏதாவது தேறுமா என்று பார்த்தேன். குழந்தை தலை அளவுக்கு உருண்டை உருண்டையாக நீலப்பூ. அதற்குத் தண்ணீர் ஊற்றத் தனி ஆள். வாசனை கிடையாது. நம் கடையில் வைத்தால் சன்னதித் தெரு மாடுகூட முகர்ந்துவிட்டு விலகிப் போகும். அப்புறம் அந்த டீ. பால் ஊற்றக்கூடாது, சர்க்கரை போடக்கூடாது, வாயில் வைத்துச் சுழற்ற வேண்டும் என்று எனக்கு டீ குடிக்கக் கற்றுக்கொடுத்தாய். வெந்நீருக்கு இலையைத் தூரத்திலிருந்து காட்டியது போல இருந்தது. உங்கம்மா மரியாதைக்காக முழுவதையும் குடித்தாள். நான் அந்த நீலப்பூவுக்கு ஊற்றிவிட்டேன்.

நீ ஏன் அந்த மலைக்குப் போய்ச் சேர்ந்தாய் என்று எனக்குத் தெரியும். தோட்டக்கலை படிக்கிறேன் என்று நீ சொன்னபோது நான் பூரித்துப் போனேன். பயல் மல்லியைப் படிக்கப் போகிறான், பனிக்காலத்தில் ஏன் மொட்டு சிறுத்துப் போகிறது என்று கண்டுபிடிக்கப் போகிறான் என்று கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் சொன்னேன். நீ என்ன செய்தாய்? காலையில் என்னோடு உட்கார்ந்து சரம் தொடுத்துவிட்டு, காலேஜுக்குக் கிளம்பும் முன் எலுமிச்சைத் தோலை எடுத்துப் பத்து விரலையும் தேய்ப்பாய். "இன்னாடா பண்ற?" என்று உங்கம்மா கேட்டாள். "பூ வாசன போவ மாட்டுதும்மா. பசங்க ஓட்டுறானுங்க" என்றாய். அவள் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஊரில் கல்யாணம், காதுகுத்து, கருட சேவை என்று எல்லாரும் தேடி வந்து வாங்கிப் போகிற வாசனை என் பிள்ளைக்கு அழுக்காகிவிட்டது. தேய்த்துத் தேய்த்து, கடைசியில் வாசனையே இல்லாத ஊராகப் பார்த்துப் போய் உட்கார்ந்துகொண்டாய். சாமர்த்தியம்தான்.

ஆனால் கடையில் வளர்ந்தவன் நீ. ஒன்றை மட்டும் உன்னால் மறந்திருக்க முடியாது. நீ பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தபோது பக்கத்து மண்டபத்தில் ஒரு கல்யாணம் முகூர்த்தத்துக்கு முன்னாடியே நின்றுபோனது. பெண்ணின் மாமன் கண்ணெல்லாம் சிவக்க, மாலை இரண்டையும் கொண்டுவந்து நம் பலகை மேல் போட்டார். "எங்களுக்கு வேணாம்பா, நீயே வெச்சுக்கோ. துட்டு கூட வேணாம்" என்றார். நான் தொடவில்லை. "குடுத்த பூவைக் கையில திருப்பி வாங்கற வழக்கம் எங்களுக்கு இல்லீங்க. யாரும் போடாத மாலைதானே, எடுத்துக்கினு போயி சாமிக்குச் சாத்திடுங்க. அந்தப் பொண்ணுக்கு நல்லது நடக்கும்" என்றேன். அவர் அழுதுகொண்டே எடுத்துப் போனார். அன்று ராத்திரி சாப்பிடும்போது நீ கேட்டாய், திரும்ப வாங்கினால் என்னப்பா ஆகும் என்று. ஒன்றும் ஆகாதுடா, கொடுத்தவனுக்கும் வாங்கினவனுக்கும் மனசு விட்டுப் போகும் என்றேன். மண்டையை ஆட்டினாய். ஆட்டினது ஞாபகம் இருக்கிறதா என்று தெரியவில்லை.

சரி, இப்போது அந்த நாளுக்கு வருகிறேன். ஊரிலிருந்து வரும்போது ஒரு கூடை நிறைய மல்லி கொண்டுவந்தோம். உனக்கு வேண்டாம் என்று தெரியும். கைவீசிக்கொண்டு யார் வீட்டுக்கும் போய் எங்களுக்குப் பழக்கமில்லை. ஈரத்துணி சுற்றி, பஸ்ஸில் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தேன். உங்கள் ஊர்க் குளிரில் அந்த மொட்டு வாயே திறக்கவில்லை. காஞ்சிபுரமாக இருந்தால் சாயங்காலத்துக்கெல்லாம் தெருவே மணக்கும். இங்கே மறுநாள் காலையிலும் அரிசிமணி போல இறுகிக் கிடந்தது. உங்கம்மா சும்மா இருப்பாளா? அவ்வளவையும் சரமாகத் தொடுத்து, "அந்த இலை பறிக்கிற அம்மாங்களுக்குக் குடுத்துட்டு வரலாம், வாங்க" என்று கிளம்பிவிட்டாள். தன் தலையிலும் ஒரு முழம் வைத்துக்கொண்டாள். கொழுந்து எடை போடுகிற கொட்டகை வாசலில் போய் நின்றோம்.

அந்தப் பெண்கள் முகம் எப்படி மலர்ந்தது என்று நீ பார்க்கவில்லை. முதுகில் பை, காலில் கிழிந்த பூட்ஸ், இடுப்பில் பிளாஸ்டிக் சீட்டு. உங்கம்மா கையால் அளந்து அளந்து கொடுக்க, ஒவ்வொருத்தியும் கண்ணில் ஒற்றி வைத்துக்கொண்டாள். அதில் மூத்தவள் பாக்கியம். உங்கம்மாவைவிடப் பெரியவளாக இருப்பாள். "பூ வச்சு ரொம்ப நாளாச்சும்மா. ஒரு முழம் வேணும்னாலும் டவுனுக்குப் போகணும். வீட்டுக்காரரு காலு வெளங்காம லயத்து வீட்டுல படுத்திருக்காரு, அவரை விட்டுட்டு எங்க போறது?" என்றாள். "அவருக்குச் சீக்கிரம் குணமாவும், வெச்சுக்கோ" என்று உங்கம்மாவே அவள் கொண்டையில் சொருகிவிட்டாள். வெயில் ஏற ஏற, அந்தத் தலைகளின் சூட்டில்தான் அந்த மல்லி மெல்லத் திறந்தது. அந்த மலைக்கு வந்ததிலிருந்து முதல்முறையாக எனக்கு மூச்சு விட்ட மாதிரி இருந்தது.

அப்போதுதான் உன் ஜீப் வந்தது. இறங்கும்போதே உன் குரல் வேறாக இருந்தது. "இன்னா இது? யாரு பூ குடுத்தது? எடுங்க, எல்லாரும் எடுங்க. ஃபாரின் பார்ட்டி வந்துக்கினு இருக்காங்க. கொழுந்துல வாசன ஏறிடும்னு எத்தினி தடவ சொல்லிக்கீறேன்?" சின்னப் பெண்கள் உருவி இடுப்பில் சொருகிக்கொண்டார்கள். பாக்கியம் மட்டும் கையைத் தலைக்குக் கொண்டுபோவதும் இறக்குவதுமாக நின்றாள். "பாக்கியம், உனக்கு மட்டும் தனியா சொல்லணுமா? எடு" என்றாய். உன் அம்மாவைவிட மூத்தவளை, நீ, எடு என்றாய். அவள் எடுத்தாள். கீழே போட மனசில்லை, இடுப்பில் சொருகவும் பயம். நேராக என்னிடம் வந்தாள். "தொரை சொல்றாருங்கய்யா. நீங்களே வச்சுக்கங்க" என்று என் கையில் வைத்தாள். திரும்பிப் போகும்போது வெறும் கொண்டையை ஒரு தடவை தடவினாள், அப்புறம் தாலியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். அதையும் நீ பார்க்கவில்லை, எடை மெஷினைப் பார்த்துக்கொண்டிருந்தாய்.

சுமங்கலி தலையிலிருந்து பூவை எடுக்கச் சொல்வது எந்த வீட்டில், எந்த நாளில் என்று உனக்குத் தெரியாதா? தெரியும். பூக்கடைக்காரன் மகனுக்குத் தெரியாமல் இருக்க வழியே இல்லை. அவள் புருஷன் லயத்தில் படுத்துக் கிடக்கிறான் என்பது உன் ரிஜிஸ்டரில்கூட இருக்கும். எனக்கு அன்று வந்த கோபத்துக்கு உன் சட்டையைப் பிடித்திருப்பேன். நாலு பேர் எதிரில் உன் மரியாதை போகும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். எப்படிப்பட்ட மரியாதையைப் போய்க் காப்பாற்றினேன் என்று பிற்பாடு எனக்கே சிரிப்பாக இருந்தது.

சாயங்காலம் நீ பாடம் எடுத்தாய். "அது ரூல்ஸ்பா. டீத்தூள் எந்த வாசனையும் இழுத்துக்கும். ஒரு மல்லி விழுந்தா மூட்டையே போச்சு." இருக்கலாம். நானும் மல்லிக் கூடைக்குப் பக்கத்தில் வெங்காயம் வைக்கமாட்டேன். வேலைக்கு ஒரு ஒழுங்கு இருக்கிறது, அதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் உன் டீயை வாங்க அந்த ஃபாரின் பார்ட்டி வந்ததே, அதில் அந்தப் பொம்பளை உடம்பெல்லாம் செண்ட்டு மணக்க இறங்கினாள். பத்தடி தூரத்தில் எனக்குத் தும்மல் வந்தது. நேராகப் போய்க் கொழுந்துக் குவியலில் முழங்கை வரை கையை விட்டு அள்ளி முகர்ந்தாள். நீ பக்கத்திலேயே இளித்துக்கொண்டு நின்றாய். உன் கொழுந்து அதற்கு ஒன்றும் பயந்ததாகத் தெரியவில்லை. பாக்கியத்தின் ஒரு முழம் மல்லிக்கு மட்டும்தான் அதற்கு நடுக்கம். மல்லிகைக்குப் பயப்படுகிற இலை! அதற்கு ஒரு பங்களா, ஒரு ஜீப், ஒரு துரை. நீயும் அந்த இலை மாதிரியே ஆகிவிட்டாய் என்பதுதான் என் வயிற்றெரிச்சல். எங்கள் வாசனை உன் மேல் ஏறிவிடக்கூடாது என்று எலுமிச்சைத் தோலோடு ஆரம்பித்தவன், இப்போது ஜீப்பில் வந்து இறங்கி அடுத்தவர்கள் தலையில் இருப்பதையும் எடுக்கச் சொல்கிறாய். வேலையில் உயர்ந்தது சந்தோஷம். உயர்ந்தவன் பேசுகிற பேச்சா அது? "சாயங்காலம் வெச்சுக்கோங்கம்மா" என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்?

அந்தப் பூவை நான் என்ன செய்தேன் என்று நீ கேட்கவே இல்லை. கொட்டகைக்குப் பின்னால், சில்வர் ஓக் மரத்தடியில், அவர்கள் மஞ்சள் பூசி வைத்திருக்கிற அம்மன் கல் இருக்கிறதே, அவள் காலடியில் வைத்துவிட்டு வந்தேன். தலையில் வைத்து எடுத்த பூவைச் சாமிக்கு வைக்கக்கூடாது. தெரிந்தேதான் வைத்தேன். அன்றைக்கு அவளுக்கும் வேறு யார் கொண்டுவந்து கொடுக்கப் போகிறார்கள்?

உனக்குத் தெரியாத இன்னொன்று இருக்கிறது. நாங்கள் ஊர் வந்து சேர்ந்த மறுநாள் காலை, கடையைத் திறந்து முதல் சரத்தை உங்கம்மாவிடம் நீட்டினேன். அவளைக் கட்டிக்கொண்டு வந்த நாளிலிருந்து நான் தொடுக்கிற முதல் முழம் அவளுக்குத்தான், உனக்கே தெரியும். வேண்டாம் என்றாள். தலையைப் பார்த்தேன். மலையிலிருந்து வெறுந்தலையோடுதான் இறங்கி வந்திருக்கிறாள், எனக்குத்தான் உறைக்கவில்லை. ஏன் என்று கேட்டால், "எல்லாரும் எடுங்கன்னு சொன்னானே. நானும் அங்கதான நின்னுக்கினு இருந்தேன்" என்றாள். அவ்வளவுதான். அழவில்லை, உன்னை ஒரு வார்த்தை திட்டவும் இல்லை. சித்திரை போய், வைகாசிக் கருட சேவை போய், ஆடி வெள்ளியும் வந்துவிட்டது. ஊருக்கெல்லாம் பூ அளந்து கொடுக்கிறவள் வெறுந்தலையோடு கடையில் உட்கார்ந்திருக்கிறாள். பூ வாங்க வருகிறவர்கள் அவளைப் பார்த்துவிட்டு என்னைப் பார்க்கிறார்கள். நான் உயிரோடுதான் இருக்கிறேன் என்று காட்ட ஒவ்வொரு தடவையும் இரும வேண்டியிருக்கிறது.

நீ கட்டிக்கொள்ளப் போகிற ரேவதி நல்ல பெண். இரண்டு வாரம் முன்னால் அவளாகவே உங்கம்மாவுக்குப் போன் செய்து, "அத்தை, மாலைக்கு என்ன பூ நல்லா இருக்கும்?" என்று கேட்டாள். "எதுவா இருந்தாலும் மணக்கணும்மா" என்றாளாம் உங்கம்மா. அந்தப் பெண்ணுக்காகத்தான் இவ்வளவு பொறுமையாக எழுதுகிறேன். உனக்கென்றால் ஒரு கார்டு போதும்.

ஆகையால் இதைக் கேட்டுக்கொள். கல்யாணத்துக்கு முதல் நாள் காலையில், எடை போடுகிற நேரத்துக்கு, நான் அதே கொட்டகை வாசலில் இருப்பேன். இரண்டு கூடை கொண்டுவருவேன். ஒன்றில் சரம், இன்னொன்றில் மாலை. நீ ஜீப்பை விட்டு இறங்கி, முதல் கூடையிலிருந்து எடுத்து, அங்கே நிற்கிற ஒவ்வொருத்தர் கையிலும் உன் கையால் கொடுக்க வேண்டும். முதலில் பாக்கியம். மன்னிப்பு, பிரசங்கம், மைக் ஒன்றும் வேண்டாம், போட்டோக்காரன் வேண்டவே வேண்டாம். "வெச்சுக்கோங்கம்மா" என்று சொன்னால் போதும். ரூல்ஸ் இருந்தால் வேலை முடிந்து வைத்துக்கொள்ளட்டும். அதை எப்படிச் சொல்வது என்று மேலேயே எழுதியிருக்கிறேன். நீ கொடுத்து முடித்தால் நான் இரண்டாவது கூடையைத் திறக்கிறேன். உன் கழுத்துக்கும் ரேவதி கழுத்துக்கும் இந்த ஊரே பார்த்திராத மாலையாகக் கட்டிக்கொண்டு வருவேன், சம்பங்கியும் மரிக்கொழுந்தும் சேர்த்து, கிளப் ஹாலில் உட்கார்ந்திருக்கிறவர்கள் கோட்டெல்லாம் ஒரு வாரம் மணக்கிற மாதிரி. நீ இறங்காவிட்டாலும் எனக்கு நஷ்டமில்லை. யாரும் போடாத மாலை சாமிக்கு ஆகும். இரண்டையும் அந்த அம்மனுக்குச் சாத்திவிட்டு அடுத்த பஸ்ஸைப் பிடிப்பேன். நீ உன் ஆர்க்கிட்டைப் போட்டுக்கொண்டு தாலி கட்டு.

மாலை கட்ட நார் ஊறப்போடும் முன் உன் பதில் வர வேண்டும் என்று நான் காத்திருக்கப் போவதில்லை. கட்டிக்கொண்டு வருகிறேன். நீ வரிசையில் கொடுத்துக்கொண்டே வரும்போது கடைசியில் ஒருத்தி நிற்பாள். முதுகில் பை இருக்காது, காலில் பூட்ஸ் இருக்காது, தலையில் பூவும் இருக்காது. போன தடவை அவளைப் பார்க்காமல் எடை மெஷினைப் பார்த்தாய். இந்தத் தடவை அவளைத் தாண்டிப் போய்விடாதே.